கூலியை மிச்சம் பிடிக்க நகைக்கடனை ஏற்றலாமா?

கேள்வி: தக்கலை பக்கம் சரிவில் கட்டிய வீடு எங்களுடையது. ரோட்டு மட்டத்துக்குக் கீழே 500 சதுர அடி அறை சும்மா கிடக்கிறது. வளைகுடாவில் இன்டீரியர் வேலை பார்த்துத் திரும்பியிருக்கும் கொழுந்தன், "மைனி, சாமானுக்குப் பைசா மட்டும் தாங்க, வுட்டன் ஃப்ளோரிங் நாமளே போட்டிரலாம், கூலி மிச்சம்" என்கிறார். அந்த அறையைக் காட்டித் தொழில் பிடிக்கவும் நினைக்கிறார். 1 லட்சம் ஆகுமாம். கிட்டத்தட்ட மூன்று வருடம் முன்பு 1,50,000-க்கு வைத்த நகை, முதல் புதுப்பிப்பில் 2 லட்சம், அடுத்ததில் 2,60,000 ஆகியிருக்கிறது. வட்டி 12%. வட்டியை அந்தந்தத் தடவை கூட்டி வாங்கிய பணத்திலேயே கழித்துக்கொண்டோம். தங்கம் விலை ஏறியிருப்பதால் இன்னும் தருவார்கள். அடுத்த மாதம் புதுப்பிக்க வேண்டும். மாதம் 5,000 கட்டிய சீட்டு முடிந்து 50,000 வருகிறது. சம்பளம் 38,000. வாங்கலாமா?

பதில்: வேண்டாம், சகோதரி. எனக்குக் கவலை தருவது தரை அல்ல, நீங்கள் நகையைப் புதுப்பிக்கும் விதம்தான்.

கணக்கைப் பாருங்கள். முதல் வருட வட்டி 18,000. கடன் 50,000 ஏறியது, கைக்கு வந்தது 32,000. அடுத்த வருட வட்டி 24,000, கைக்கு 36,000. ஆக, கடன் 1,10,000 கூடியிருக்கிறது. நீங்கள் செலவழித்தது 68,000 மட்டும். மீதி 42,000 வட்டிக்கே போயிற்று. இப்போது 31,200 வட்டியும் தரைக்கு 1 லட்சமும் சேர்த்தால் கடன் 3,91,200. அடுத்த வருட வட்டி மட்டும் கிட்டத்தட்ட 47,000. தங்கம் விலை ஏறினால் உங்கள் வருமானம் ஏறிவிடாது. அடகுக் கடை "இன்னும் தரலாம்" என்பது உங்களுக்குச் செய்யும் உதவியும் அல்ல.

கூலி மிச்சம் என்கிறாரே, அது எவ்வளவு? சதுர அடிக்கு 25 ரூபாய் என்று வைத்தால் 12,500. ஒரு லட்சத்துக்கு ஒரு வருட வட்டி 12,000. மிச்சம் பிடித்த கூலி முதல் வருடமே கரைந்துவிடும்.

இன்னொன்று, ஈரம். நம் குமரி மாவட்டத்துக்கு இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. சரிவில் மண்ணை ஒட்டி நிற்கும் சுவர் வருடத்தில் பாதி நாள் குளிர்ந்தே இருக்கும். வுட்டன் ஃப்ளோரிங் என்று பெரும்பாலும் போடும் லேமினேட் பலகையின் நடுவில் இருப்பது அழுத்திய மரநார். அடியிலிருந்து ஈரம் ஏறினால் ஓரங்கள் உப்பிக்கொள்ளும், பிறகு படியாது. கரையானைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியதில்லை. இரண்டடிச் சதுரப் பாலித்தீன் ஷீட்டை சிமென்ட் தரையில் விரித்து, நாலு ஓரமும் டேப் ஒட்டி மூன்று நாள் விடுங்கள். மழைக்காலத்தில் செய்யுங்கள், கோடையில் செய்தால் பயனில்லை. அடியில் நீர் முத்து கோத்திருந்தாலோ தரை கறுத்திருந்தாலோ அங்கே மரத்தரை கூடாது. சிமென்ட் தரையே போதும். பிறகு கையில் காசு இருந்தால் டைல்ஸ்.

கொழுந்தனிடம் கோபம் வேண்டாம். ஆனால் அறை அவர் தொழிலுக்குக் காட்டும் மாதிரி என்றால் சாமான் செலவு அவருடையது. ஷீட் காய்ந்து வந்தால், அவர் காசில் தாராளமாகப் போடட்டும். "கார்டில் வட்டியில்லா தவணை" என்று அடுத்து ஆரம்பிப்பார். அதில் கட்டணமும் ஜிஎஸ்டியும் பெரும்பாலும் ஒளிந்திருக்கும், கடை தரவேண்டிய தள்ளுபடியும் போய்விடும்.

சீட்டுப் பணத்தில் முதலில் 31,200 வட்டியைக் கட்டுங்கள். மிச்சம் 18,800-ஐ அசலில் கழித்தால் கடன் 2,41,200. அதை 36 மாதத் தவணைக் கடனாக மாற்றித் தருவார்களா என்று கேளுங்கள். இதே வட்டியில் மாதம் சுமார் 8,000 வரும். சீட்டுக்குக் கட்டிவந்த 5,000 இனி உங்கள் கையில், கூட 3,000 புரட்டினால் போதும். அவர்கள் மாட்டோம் என்றால் தவணை தரும் வங்கி ஒன்றைப் பாருங்கள். புதுப்பிப்புத் தாளில் எழுதியிருக்கும் தொகை 2,41,200-க்கு மேல் இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.