கூட்டாளிக்குக் கிட்னி வேண்டும்: தாதி அக்காவிடம் கேட்டவை

மலேசியாவில், ஈப்போவுக்குப் பக்கத்துச் சுங்கை சிப்புட்டில் எங்கள் எல்லாருக்கும் தெரிந்த ஒரு தம்பி. வயது 38, செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறவர், மூன்று பிள்ளைகள். தோட்டத்துக் காற்பந்துக் குழுவின் கோல் கீப்பர். இரண்டு சிறுநீரகமும் கைவிட்டு, எட்டு மாதமாக டயாலிசிஸில், அதாவது இயந்திரத்தால் இரத்தத்தைச் சுத்தம் செய்யும் சிகிச்சையில், இருக்கிறார். மாற்று அறுவை செய்தால் நல்லது என்று ஈப்போவில் டாக்டர் சொல்லிவிட்டார். அன்றைக்கே கூட்டாளிகள் கோயில் மண்டபத்தில் கூடிவிட்டார்கள். நான் டயாலிசிஸ் மையத்தில் 19 வருடம் தாதியாக இருந்தவள். 2011-இல் என் தம்பிக்கு என் இடது சிறுநீரகத்தைக் கொடுத்தவள். அதனால் என்னைப் பிடித்து முன்னால் உட்கார வைத்தார்கள். சீட்டில் எழுதிக் கொடுத்த கேள்விகளோடு, வாசலில் செருப்பு மாட்டும்போது கேட்டவற்றையும் சேர்த்து எழுதியிருக்கிறேன்.

காற்பந்துக் குழுத் தலைவர்: அக்கா, மொய் விருந்து போட்டு 50,000 வெள்ளி (ரிங்கிட்) திரட்டினால் கிட்னி மாற்றிவிடலாமா?

பணம் திரட்டுவது நம் ஊருக்குப் புதிதா என்ன? தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில், இதே ஊரில் பிறந்த அமைச்சர் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். நம் தாத்தா பாட்டிகள் கூலிக்காசைச் சேர்த்துத் தோட்டம் வாங்கினார்கள். மொய் விருந்து நமக்குப் பெரிய காரியமே இல்லை.

ஆனால் தம்பி, அரசாங்க மருத்துவமனையில் குடிமக்களுக்கு அறுவைச் செலவின் பெரும்பகுதியை அரசாங்கமே ஏற்கிறது. கோலாலம்பூர் மருத்துவமனையில் 1975-லிருந்து இந்த அறுவை நடக்கிறது. நாட்டில் உறுப்புக்காகக் காத்திருப்போர் 10,000 பேருக்கு மேல், அதில் அநேகமாக எல்லாருமே சிறுநீரகத்துக்குத்தான். இறந்தபின் உறுப்புக் கொடுப்பவர்களோ ஆண்டுக்குச் சில பத்துப் பேர். 50,000 வெள்ளியைக் கொட்டினாலும் அந்த வரிசை நகராது. உயிரோடு இருக்கும் ஒருவர் மனமுவந்து கொடுத்தால்தான் உண்டு.

அப்படியென்றால் பணம் எதற்கு? லாரி ஓடாத மாதங்களில் வீட்டு வாடகை, பிள்ளைகளின் பள்ளிச் செலவு, அறுவைக்குப் பின் கோலாலம்பூரில் மருத்துவமனைக்குப் பக்கத்தில் அறை. முதல் மூன்று மாதம் அடிக்கடி இரத்தப் பரிசோதனைக்குப் போகவேண்டும். ஒவ்வொரு முறையும் 200 கிலோமீட்டருக்கு மேல் ஓடி வர முடியாது. விருந்து போடுங்கள், ஆனால் அழைப்பிதழில் பணம் எதற்கு என்பதை எழுதிவிடுங்கள். ‘கிட்னி வாங்க’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

பெயர் எழுதாத சீட்டு: நான் அவன் அண்ணன். எனக்குப் பயமாக இருக்கிறது. முடியாது என்று சொன்னால் ஊர் என்னை என்ன பேசும்?

இந்தச் சீட்டை நான் சபையில் படிக்கவில்லை. அன்றிரவு இரண்டு மூன்று முறை எடுத்துப் பார்த்தேன்.

ஐயா, பயப்படுவதில் தப்பே இல்லை. நானும் பயந்தேன். அறுவைக்கு முந்தின இரவு வார்டில் கழிவறைக்குள் போய் அழுதேன், தம்பிக்கு இன்றுவரை தெரியாது. உண்மை நிலவரம் இதுதான்: கொடுப்பவர் இறந்துபோகும் ஆபத்து 10,000 பேரில் சுமார் 3 பேர். குறைவுதான், ஆனால் இல்லை என்று சொல்லமாட்டேன். மீதியிருக்கும் ஒரு சிறுநீரகம் கொஞ்சம் பெருத்து, முன்பு இரண்டும் செய்த வேலையில் ஏறக்குறைய 70 விழுக்காட்டைச் செய்யும். பெரும்பாலும் வயிற்றில் சிறு துளைகள் போட்டுத்தான் எடுக்கிறார்கள். சில நாளில் வீட்டுக்கு வந்துவிடலாம். குலை தூக்குவது, மட்டை இழுப்பது போன்ற கனமான வேலைக்குத் திரும்ப ஆறு வாரமாவது பொறுக்கவேண்டும். அப்புறம் ஆண்டுக்கு ஒருமுறை இரத்தம், சிறுநீர், இரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ள வேண்டும், ஆயுள் முழுக்க.

இதையெல்லாம் கேட்ட பிறகும் மனம் ஒப்பவில்லை என்றால், பரிசோதிக்கும் டாக்டரிடம் தனியாகச் சொல்லுங்கள். கொடுப்பவரோடு குடும்பத்தார் இல்லாமல் தனியாகப் பேசுவது அவர்கள் வேலையில் ஒரு பகுதி. மயக்க மருந்து ஏறும் நிமிடம் வரைக்கும் மனம் மாறலாம்.

மற்றவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். அந்தக் கூட்டத்தில் ஒருவர் மைக்கைப் பிடித்து, “கூடப் பிறந்தவன் கொடுக்காமல் யார் கொடுப்பான்?” என்று கேட்டார். கைதட்டலும் கிடைத்தது. எனக்கு உடம்பு கூசியது. தேநீர்க் கடையில் அண்ணனைப் பார்த்தால் காற்பந்தைப் பற்றிப் பேசுங்கள்.

தாயார், வயது 61: எனக்கு இனிப்பு நீர் (நீரிழிவு) உண்டு, மாத்திரை சாப்பிடுகிறேன். வாழ்ந்து முடித்தவள்தானே. என்னுடையதை எடுத்துக்கொள்ளச் சொல்லேன்மா.

முடியாதும்மா. இனிப்பு நீர் உள்ளவரின் சிறுநீரகத்தை எடுக்கமாட்டார்கள். எடுத்தால் ஒரு வீட்டில் இரண்டு நோயாளிகள். உங்கள் வயதுக்காக யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. நீங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. அரசாங்கக் கிளினிக்கில் 1 வெள்ளி கட்டி உங்கள் சிறுநீரில் புரதம் போகிறதா என்று பாருங்கள், மற்றப் பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். நம் நாட்டில் டயாலிசிஸுக்கு வருகிறவர்களில் பெரும்பாலானோரை அங்கே கொண்டுவந்து சேர்ப்பது இனிப்பு நீர்தான்.

சக லாரி ஓட்டுநர்: நான் சொந்தக்காரன் இல்லை, ஆனால் பத்து வருடக் கூட்டாளி. என் இரத்தம் ஓ. நான் கொடுக்கிறேன், எங்கே கையெழுத்துப் போட?

ஓ வகை இரத்தம் யாருக்கும் ஒத்துப்போகும் என்பது சரி. பாசிட்டிவ், நெகட்டிவ் என்பது சிறுநீரகத்துக்கு ஒரு பொருட்டே இல்லை. ஆனால் உறவில்லாதவர் கொடுப்பதற்கு டாக்டர் மட்டும் சம்மதித்தால் போதாது. சுகாதார அமைச்சின் அனுமதிக் குழு உங்களை விசாரிக்கும். பணம் கைமாறியதா, யாராவது நெருக்கினார்களா என்று பார்ப்பார்கள். கணவன் மனைவிக்கு இந்தச் சிக்கல் இல்லை, குடும்பமாகவே எடுத்துக்கொள்வார்கள். முதலில் உங்கள் மனைவியிடம் பேசிவிட்டீர்களா? சீட்டில் அது இல்லை. பேசுங்கள். அப்புறம் நம் தம்பியைப் பார்க்கும் சிறுநீரக டாக்டரிடம் நீங்களே நேரில் போய்ச் சொல்லுங்கள். கூட்டாளி மூலமாகச் சொல்லி அனுப்பவேண்டாம்.

இரத்த வகை பொருந்தினால் பாதிக் கிணறுதான் தாண்டியதாக அர்த்தம். திசுப் பொருத்தம் பார்ப்பார்கள். உங்கள் அணுக்களையும் அவர் இரத்தத்தையும் கலந்து எதிர்ப்பு வருகிறதா என்று பார்ப்பார்கள். ஸ்கேன், இதயம், மனநலப் பேட்டி எல்லாம் உண்டு. மாதக்கணக்கில் ஆகும்.

கடைக்காரர்: வெளிநாட்டில் காசு கொடுத்தால் ஒரே மாதத்தில் முடித்துத் தருவதாக ஓர் ஏஜெண்ட் சொல்கிறார். மொய்க் காசை அதில் போட்டால் என்ன?

வேண்டாம். ஒரு தடவைக்கு மூன்று தடவை சொல்கிறேன், வேண்டாம்.

அங்கே ஒருவர் கடனுக்காகத் தன் உறுப்பை விற்கிறார், அந்தக் காசிலும் பாதி இடையில் நிற்கிறவனுக்குப் போகிறது. தாத்தா காலத்தில் கங்காணியிடம் கடன்பட்டுக் கப்பலேறி வந்த நமக்கு இந்தக் கணக்கு விளங்கவேண்டும். இந்தியாவில் 1994-லேயே உறுப்பு விற்பனையைத் தடைசெய்து சட்டம் வந்துவிட்டது. நம் நாட்டிலும் உறுப்புக்காக ஆளைச் சுரண்டுவது 2007-இன் மனிதக் கடத்தல் தடுப்புச் சட்டத்துக்குள் வருகிறது.

அதை விடுங்கள், நம் தம்பியின் உடம்பைப் பாருங்கள். அவசரத்தில் போட்ட கிட்னியோடு கிருமித் தொற்றும் சேர்ந்து வந்தவர்களை என் மையத்தில் பார்த்திருக்கிறேன். ஒருவர் இரண்டே மாதத்தில் மறுபடி டயாலிசிஸ் நாற்காலிக்கே வந்தார், வீடும் அடகில். இன்னொன்று, மாற்று உறுப்பை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க ஆயுள் முழுக்க மருந்து சாப்பிடவேண்டும். 2012-லிருந்து, வெளிநாட்டில் விலைக்கு வாங்கிப் போட்டுக்கொண்டு வருகிறவர்களுக்கு அரசாங்கம் அந்த மருந்தை இலவசமாகக் கொடுப்பதில்லை. ஏஜெண்ட் இதைச் சொன்னாரா?

தமிழ்ப்பள்ளி ஆசிரியை: பணத்தை யார் பெயரில் வைப்பது? உண்டியல் தூக்கிக் கடைவீதியில் நிற்கலாமா?

பொது இடத்தில் வசூல் செய்ய போலீஸ் உரிமம் வேண்டும், 1947-ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. உரிமம் இல்லாமல் பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) பிள்ளைகளை உண்டியலோடு நிறுத்தாதீர்கள்.

என் தம்பிக்காக நாங்கள் பணம் சேர்த்தபோது நடந்ததைச் சொல்கிறேன். பணம் ஒரே ஆளின் சொந்தக் கணக்கில் போனது. அவர் திருடவில்லை, ஆனால் எழுதியும் வைக்கவில்லை. ஆறு மாதம் கழித்து “என் 200 வெள்ளி என்னாச்சு” என்று ஒருவர் கேட்க, கல்யாண வீட்டில் சட்டையைப் பிடிக்கும் அளவுக்குப் போனது. தம்பி பிழைத்தான், இரண்டு குடும்பம் இன்னும் பேசிக்கொள்வதில்லை. அதனால் இரண்டு பேர் கையெழுத்துப் போடும் கணக்கைத் திறங்கள், அதில் ஒருவர் நோயாளியின் உறவாக இருக்கக்கூடாது. வரவு செலவு மாதாமாதம் கோயில் பலகையில் ஒட்டப்படவேண்டும். மிச்சப் பணம் யாருக்கு என்று இன்றைக்கே எழுதிவிடுங்கள். வாட்சாப்பில் அவருடைய அடையாள அட்டையையும் மருத்துவ அறிக்கையையும் பரப்பாதீர்கள். அதே படத்தைப் போட்டுக் கணக்கு எண்ணை மட்டும் மாற்றி வசூல் செய்கிறவர்கள் இருக்கிறார்கள்.

மொய்க்கு முன்னால் கதவு தட்டவேண்டிய இடங்களும் உண்டு. தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவுக்குச் சந்தா கட்டியவர், தகுதி இருந்தால் டயாலிசிஸ் செலவை அதுவே ஏற்கும். ஊழியர் சேமநிதியான இபிஎஃப்-இல் கடும் நோய்க்குப் பணம் எடுக்கலாம். கூடப் பிறந்தவர்களும் தங்கள் கணக்கிலிருந்து அவருக்காக எடுக்க முடியும். மருத்துவமனையின் சமூகநல அதிகாரியைப் பார்த்தால் பாரங்களை அவரே எடுத்துத் தருவார்.

பக்கத்து வீட்டு அக்கா: பார்க்கப் போகும்போது என்ன வாங்கிப் போகட்டும்? உடம்புக்குக் குளிர்ச்சியாக இளநீர்?

ஐயோ, இளநீர் வேண்டாம்! பொட்டாசியம் அதிகம், இதயத்தையே நிறுத்திவிடும். வாழைப்பழமும் அப்படித்தான். பெலிம்பிங் (நட்சத்திரப்) பழத்தை வாசலுக்குள்ளேயே விடாதீர்கள். சிறுநீரகம் கெட்டவருக்கு அது மூளையைத் தாக்கும், நிற்காத விக்கலில் ஆரம்பித்து வலிப்பு வரை போகும். தண்ணீரும் அளந்துதான் குடிக்கவேண்டும். கடையில் பார்த்தால் பாசத்தில் தே தாரேக் பெரிய கிளாஸ் சொல்லாதீர்கள்.

அறுவை முடிந்ததும் பட்டியல் மாறும். இளநீர் பற்றி டாக்டர் சொல்வார், ஆனால் நம் தம்பூன் பம்ப்ளிமாஸ் கூடாது. தள்ளாமல் இருக்கக் கொடுக்கும் மருந்தின் அளவை அது இரத்தத்தில் ஏற்றிவிடும். ஈப்போக்காரனுக்குப் பம்ப்ளிமாஸ் இல்லாத தீபாவளியா என்று என் தம்பி புலம்பாத வருடம் இல்லை.

வெறுங்கையோடு போங்கள், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுங்கள். ஊசி போடும் கையில், தோலுக்கடியில் விர்ரென்று துடிக்கும் இடம் இருக்கும். அந்தக் கையைப் பிடித்து இழுக்காதீர்கள், அதில் பை மாட்டவும் விடாதீர்கள்.

இளைஞர்: என் சித்தப்பா ஒரு வேர்க் கஷாயம் தருகிறார். கிட்னி மறுபடி ஓடுமாம்.

ஓடாது. கிட்னியையே கெடுக்கும் வேர்கள் உண்டு. பாட்டிலில் வருவதானால் சுகாதார அமைச்சின் ‘எம்ஏஎல்’ மருந்துப் பதிவு எண் இருக்கிறதா பாருங்கள். இருந்தாலும் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம்.

கல்லூரி மாணவி: நான் இறந்தபின் உறுப்புக் கொடுக்கப் பதிந்திருக்கிறேன். அம்மா, உடம்பு முழுசாகப் போகவேண்டும் என்கிறார்.

புறாவுக்காகத் தொடையை அரிந்து கொடுத்த சிபியையும் கண்ணையே பிடுங்கி அப்பிய கண்ணப்பரையும் அம்மா தானே உனக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்! சுகாதார அமைச்சின் மைசெஜாத்திரா செயலியில் பதிந்தது சரி, ஆனால் அந்த நேரத்தில் குடும்பத்தாரைத்தான் கேட்பார்கள். அம்மா வேண்டாம் என்றால் நடக்காது. அதனால் சண்டை போடாமல் அவ்வப்போது பேசிக்கொண்டே இரும்மா.

கோயில் செயலாளர்: சரி அக்கா, இந்த வாரமே நாங்கள் செய்யக்கூடியது என்ன?

டயாலிசிஸ் செவ்வாய், வியாழன், சனி. ஒவ்வொன்றும் நான்கு மணி நேரம், மாதத்துக்கு 13 முறை. முடிந்ததும் இரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும், அப்போது அவர் மோட்டார் சைக்கிளில் வீடு திரும்புவதை நான் இரண்டு முறை பார்த்துவிட்டேன். மனைவிக்கு ஓட்டத் தெரியாது. அவரைக் காரில் வீட்டுக்கு அழைத்துவர ஆள் போடும் அட்டவணையைப் பலகையில் ஒட்டியிருக்கிறேன். செவ்வாயும் வியாழனும் நிரம்பிவிட்டன. சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு இன்னும் ஆள் இல்லை. கார் உள்ளவர்கள் பெயரை எழுதிவிட்டுப் போங்கள்.