பந்தியில் மறைப்பது – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

எடை குறைப்பு ஆபரேஷன் பற்றி நீங்கள் எழுதியவற்றைப் படித்துத்தான் எனக்கும் தைரியம் வந்தது. ஐந்து மாதத்துக்கு முன் ஸ்லீவ் செய்துகொண்டேன். 112 கிலோ இருந்தேன், இப்போது 86. சுகர் மாத்திரையை டாக்டரே நிறுத்திவிட்டார். பிரஷர் மாத்திரை மட்டும் பழையபடி போட்டுக்கொள்கிறேன். மூட்டு வலி போயிற்று, மாடி ஏறினால் மூச்சு வாங்குவதில்லை.

ஆனால் ஆபரேஷன் விஷயம் என் கணவரைத் தவிர யாருக்கும் தெரியாது. பித்தப்பையில் கல், அதை எடுத்தார்கள் என்று சொல்லி வைத்திருக்கிறோம். இளைத்ததற்குக் காரணம் கேட்டால் வாக்கிங், டயட் என்கிறேன். அம்மா பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறார். தினம் வந்து, “ஏங்கண்ணு, இத்துனூண்டு தின்னா ஒடம்பு என்னத்துக்காகும்” என்று கண்கலங்குகிறார். அவர் மனம் கோணக் கூடாதென்று அவர் முன்னால் சாப்பிட்டுவிட்டு, பின்னால் போய் வாந்தி எடுக்கிறேன். வாரத்தில் மூன்று நான்கு நாள் இப்படி ஆகிறது. தயிர் சாதம்கூட நெஞ்சில் நிற்கிறது. சட்டென்று எழுந்தால் கண் இருட்டுகிறது. தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. எனக்கு ஏதோ பெரிய வியாதி என்று சொந்தத்தில் பேசிக்கொள்கிறார்கள். அடுத்த மாதம் அண்ணன் மகள் கல்யாணம். பந்தியில் உட்காரவே பயமாக இருக்கிறது.

இன்னொன்று. பசியே இல்லை, ஆனால் சாப்பிட ஆசையாக இருக்கிறது. வயிற்றை வெட்டியும் திருந்தாத ஜென்மமா நான்? கஷ்டப்பட்டு இளைத்தவர்களைப் பார்த்தால், குறுக்கு வழியில் வந்துவிட்டோமே என்று கூச்சமாகவும் இருக்கிறது.

எஸ்.,
ஈரோடு

*

அன்புள்ள எஸ்.,

முதலில் வாந்தி. மற்றதெல்லாம் பிறகு.

ஐந்தாம் மாதத்தில், வாரத்துக்கு மூன்று நான்கு நாள் வாந்தி என்பது சகித்துக்கொண்டு போகிற விஷயமில்லை. இந்த வாரமே உங்கள் சர்ஜனுக்குப் போன் செய்யுங்கள். ஸ்லீவில் வயிற்றின் ஐந்தில் நான்கு பங்கை எடுத்துவிட்டு, மிச்சத்தை வாழைப்பழம் போல ஒரு குழலாகத் தைத்துவிடுகிறார்கள். அந்தக் குழல் நடுவில் வளைகிற இடத்தில் சிலருக்குச் சுருங்கிவிடும். எண்டோஸ்கோப்பி செய்து பார்த்தால் தெரியும், பலூன் வைத்து விரித்தும் விடுவார்கள். உங்களுக்கு அப்படி ஒன்றும் இல்லாமல் சாப்பிடும் முறையால் மட்டுமே வருவதாகவும் இருக்கலாம். அதைப் பார்த்துச் சொல்ல வேண்டியவர் சர்ஜன்தான்.

அதைவிட எனக்குக் கவலை தருவது தயமின் என்கிற வைட்டமின் பி1. உடம்பில் இதன் இருப்பு இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் தாங்கும். சாப்பாடும் குறைந்து, உள்ளே போனதும் வெளியே வந்துகொண்டிருந்தால் சீக்கிரம் தீர்ந்துவிடும். தீர்ந்தால் பார்வை இரண்டிரண்டாகத் தெரியும், நடை தள்ளாடும், பேச்சும் நினைவும் குழம்பும். இப்போது நம் ஊர் வழக்கத்தை யோசித்துப் பாருங்கள். வாந்தி எடுத்துச் சோர்ந்து கிடந்தால் தெருமுனை கிளினிக்குக்குக் கூட்டிப்போய் குளுக்கோஸ் ஏற்றுவோம். பி1 வற்றிய உடம்பில் வெறும் குளுக்கோஸ் ஏறினால், மிச்சமிருக்கும் பி1-உம் அதிலேயே செலவாகி மூளை பாதிக்கப்படலாம். அதனால் பி1 ஊசி முதலில், டிரிப் பிறகு. இது அந்த டாக்டருக்குத் தெரியாமல் இருக்காது. ஆனால் உங்களுக்கு ஸ்லீவ் செய்திருப்பது அவருக்குத் தெரிய வேண்டுமே? உங்கள் கணவர் வேலைக்குப் போன நேரத்தில் நீங்கள் மயங்கி விழுந்தால், ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போகப்போவது அம்மாதான். டாக்டர் கேட்டால், “பித்தப்பைக் கல்லு எடுத்தாங்க” என்று அவர் நம்புவதையே சொல்வார்.

அதனால்தான் அம்மாவிடம் சொல்லிவிடுங்கள் என்கிறேன். ஒளித்து வைத்தால் மனப்பாரம் என்பார்கள், அது இருக்கட்டும். உங்கள் விஷயத்தில் அது நேராக உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

கண் இருட்டுவதையும் இதே போனில் கேட்டுவிடுங்கள். 112 கிலோவில் எழுதிய பிரஷர் மாத்திரையின் அளவு 86 கிலோவுக்கு அதிகமாக இருக்கக்கூடும். தண்ணீர் குறைவாகக் குடித்தாலும் இப்படி வரும். நீங்களாக நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம். உட்கார்ந்தும் நின்றும் பிரஷர் பார்த்துச் சொல்லுங்கள், அவர் மாற்றித் தருவார்.

இனி தயிர் சாதத்துக்கு வருகிறேன். எனக்கும் ஸ்லீவ்தான், அதனால் அந்த நெஞ்சடைப்பு எனக்குத் தெரியும். ஒரு வாய் கூடுதலாகப் போனதும் மார்பெலும்புக்குப் பின்னால் ஒரு அழுத்தம். கீழேயும் போகாது, மேலேயும் வராது. பிறகு வாயில் எச்சில் நுரைத்துக்கொண்டு ஊறும். முதுகு வியர்க்கும். பேச முடியாது. எதிரே இருப்பவர் “என்னாச்சு” என்று கேட்பார், தலையை மட்டும் ஆட்டுவோம். கடைசியில் நுரையும் சோறுமாக வந்துவிட்டால்தான் மூச்சு நிதானமாகும்.

தயிர் சாதம் மென்மையானதுதான். மென்மையாக இருப்பதாலேயே மெல்லாமல் விழுங்கிவிடுகிறோம். அந்தக் குழலில் இப்போது ஏறக்குறைய 150 மில்லி பிடிக்கும், ஒரு காபி டம்ளர். அதில் அம்மா பிசைந்து வைத்த சோறும், அவசரமும், நடுவே இரண்டு மடக்குத் தண்ணீரும் சேர்ந்தால் எங்கே போகும்? சாப்பிடும்போது தண்ணீர் கூடாது, சாப்பிட்டு அரைமணி நேரம் கழித்துத்தான். ஒவ்வொரு வாயும் கூழாகிற வரை மெல்ல வேண்டும். நிறைந்தது என்று வயிறு சொல்வதற்கு ஒரு வாய் முன்னாலேயே கையை எடுத்துவிட வேண்டும். இதெல்லாம் உங்கள் டயட்டீஷியன் எழுதிக் கொடுத்திருப்பார், நீங்களும் மனப்பாடமாகச் சொல்வீர்கள். ஆனால் தட்டையே பார்த்துக்கொண்டு ஒருவர் கரண்டியோடு நிற்கும்போது ஒன்றைக்கூடக் கடைப்பிடிக்க முடியாது. அம்மாவின் கண்ணுக்காகச் சாப்பிடுகிறீர்கள். அதுதான் திரும்பி வருகிறது.

என் அம்மாவுக்கு ஆபரேஷனுக்கு முன்பே சொல்லிவிட்டேன். அன்று முழுக்க அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. மறுநாள் காலையில் பாத்திரம் விளக்கிக்கொண்டே, “எவ்வளவு வயிறுதான் மிச்சம் வெப்பாங்க?” என்று கேட்டார். அடுக்கில் இருந்த சின்ன டம்ளரை எடுத்துக் காட்டினேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதுல என்னத்தப் போட்டா ஒனக்குத் தெம்பு வரும்?” என்றார். அந்தக் கேள்வியிலிருந்து அவர் என் பக்கம்.

உங்கள் அம்மாவிடம் “போதும், போடாதீங்க” என்று மட்டும் சொல்லாதீர்கள். பெற்ற பெண்ணுக்குச் சோறு போடுவதை நிறுத்து என்றால் அவர் எப்படித் தாங்குவார்? அவருக்கு ஒரு கணக்கைக் கொடுங்கள். நாளுக்கு 60 கிராம் புரதம், முடிந்தால் அதற்கு மேல். ஒரு முட்டையில் 6 கிராம். வேகவைத்த மீன் 100 கிராமில் சுமார் 20, கோழியில் 25-க்கு மேல். இட்லியில் 2 கிராம்தான். கல்யாணத்தில் ஊற்றுகிற ரசத்தில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு நீரை வடித்தால் அதே கிண்ணத்தில் இரண்டு பங்குக்கு மேல் புரதம் கிடைக்கும். பருப்பைச் சோறில்லாமல் கெட்டியாக மசித்துத் தரலாம், சுண்டலைத் தோல் நீக்கி மசிக்கலாம், முட்டையை எண்ணெய் குறைத்துப் பொடிமாஸ் செய்யலாம். சின்னக் கிண்ணத்தில், நாளுக்கு ஐந்தாறு வேளை. முதலில் புரதம், பிறகு காய், இடமிருந்தால் கடைசியில் சோறு. நம் அம்மாக்கள் பத்தியச் சமையலிலும் பிள்ளை பெற்றவளுக்குப் பொங்கிப் போடுவதிலும் கைதேர்ந்தவர்கள். இதையும் பிடித்துக்கொள்வார்கள்.

சொந்தக்காரர்கள் விஷயத்தில் என் யோசனை வேறு. உங்கள் தட்டில் பரிமாறுகிறவர்களுக்கும், ஆபத்தில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறவர்களுக்கும் தெரிந்தால் போதும். அம்மா, மாமியார், விவரம் தெரிந்த வயதில் பிள்ளை இருந்தால் அந்தப் பிள்ளை. மற்றவர்களுக்கு நீங்கள் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. “சுகருக்கு டாக்டர் பாத்துக்கிட்டிருக்காரு, நல்லா இருக்கேன்” என்றால் அதில் பொய்யும் இல்லை. இளைக்கிற வேகத்தில் கன்னம் ஒட்டி, கழுத்து சுருங்கி, வளையல் கழன்று விழுகிற காலம் இது. பார்ப்பவர்கள் பயப்படத்தான் செய்வார்கள். எடை ஒரு நிலைக்கு வந்ததும் முகமும் தெளியும், பேச்சும் அடங்கும்.

பசியில்லாமல் ஆசை இருக்கிறதே என்று கேட்டீர்கள். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் தொட்டது இதுதான். பசியைத் தூண்டும் க்ரெலின் என்ற ஹார்மோனை ஜப்பானில் 1999-இல் கண்டுபிடித்தார்கள். பெரும்பாலும் வயிற்றின் மேல்பகுதியில் சுரக்கிறது. ஸ்லீவில் வெட்டி எடுப்பதும் அந்தப் பகுதியைத்தான். அதனால் பசி அடங்குகிறது. ஆசை வயிற்றிலா இருக்கிறது? அடுத்த வீட்டில் கருவேப்பிலை தாளிக்கும் வாசனையிலும், மழை நாள் சாயங்காலத்திலும், சண்டை போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும் இரவிலும் அது இருக்கிறது. அதையெல்லாம் எந்த சர்ஜனும் எடுக்க முடியாது. சந்தோஷம், கோபம், தனிமை எல்லாவற்றுக்கும் சாப்பாட்டையே துணையாக வைத்திருந்தோம். அந்தத் துணை திடீரென்று இல்லை. செத்துப்போனவர்களுக்காக அழுகிற மாதிரியே இதற்காக அழுதவர்கள் இருக்கிறார்கள், நானும் அழுதிருக்கிறேன். இதில் திருந்த ஒன்றுமில்லை. ஆசை வரும்போது என்ன மனநிலையில் இருந்தோம் என்று மட்டும் கவனித்து வையுங்கள். இரவு எல்லோரும் தூங்கிய பிறகு பிஸ்கட்டும் மிக்ஸருமாகக் கொறிக்கிற பழக்கம் இங்கேதான் தொடங்கும். அவை குழலில் தங்காமல் வழுக்கிக்கொண்டு இறங்குபவை. இரண்டாம் வருஷத்துக்குப் பிறகு எடை ஏற அதுவும் ஒரு காரணம். மனதுக்குக் கஷ்டமாகவே நீடித்தால் உங்கள் சர்ஜனின் குழுவில் இருக்கும் மனநல ஆலோசகரைத் தயங்காமல் பாருங்கள்.

குறுக்கு வழி என்ற கூச்சத்தை இன்றோடு விடுங்கள். மெல்போர்னில் ப்ரியா சுமித்ரன் குழுவினர் 2011-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பத்து வாரக் கடும் டயட்டில் 50 பேரைச் சேர்த்து, எடை குறைந்தவர்களை ஒரு வருஷம் கழித்தும் பரிசோதித்தார்கள். பசி ஹார்மோன்கள் அப்போதும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. முன்பைவிட அதிகமாகவே பசித்தது. உடம்பு இழந்த எடையைத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருந்தது. நீங்கள் வருஷக்கணக்கில் பேலியோ, ஜிம், கொள்ளு ரசம் என்று தோற்றது மனஉறுதி இல்லாததால் அல்ல. இந்த இழுவையைக் குறைக்கிற சிகிச்சையைத்தான் செய்துகொண்டிருக்கிறீர்கள். சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறவரை யாரும் குறுக்கு வழி என்று சொல்வதில்லை.

கல்யாணம். மணப்பெண்ணின் அத்தை நீங்கள், பாதி நேரம் மேடையில்தான் இருப்பீர்கள். வீட்டிலேயே முட்டையோ பனீரோ சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். பந்தியில் உட்கார வேண்டி வந்தால் சின்னப் பிள்ளைகள் இருக்கிற வரிசையில், ஒரு குழந்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதற்கு ஊட்டிவிடுங்கள். குழந்தைக்கு ஊட்டுகிறவள் எவ்வளவு சாப்பிட்டாள் என்று யாரும் பார்ப்பதில்லை, மெதுவாகச் சாப்பிடவும் அதைவிடத் தோதான இடம் கிடையாது. பருப்பு, கூட்டு, பொரியல் போதும். ஜாங்கிரியும் பாயசமும் வேண்டாம். இனிப்பு குடலுக்கு வேகமாக இறங்கினால் படபடப்பு, வியர்வை, மயக்கம் வரும். மண்டபத்தில் அப்படி வந்தால் ஊரே கூடிவிடும். பூரி, புரோட்டா பக்கமே போகாதீர்கள், நெஞ்சில் நிற்பதில் அவைதான் முதல். “அத்தை ஒரு வாய் ஸ்வீட் சாப்பிடுங்க” என்று மணப்பெண்ணே ஊட்ட வந்தால் நுனியில் கடித்துக்கொள்ளுங்கள், அந்த ஒரு கடியால் ஒன்றும் ஆகாது.

முடி கொட்டுவது மூன்றாம் மாதவாக்கில் தொடங்கி, சில மாதங்களில் நின்று, திரும்ப வளரும். எண்ணெயை மாற்றிப் பயனில்லை, புரதமும் இரும்புச்சத்தும்தான் வழி. இரும்பு மாத்திரையைக் காபியோடு போடாதீர்கள். அதற்கும் கால்சியத்துக்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். பி12 உட்பட வைட்டமின்கள் ஆயுள் முழுக்கத் தேவை, உடம்பு நன்றாக இருக்கிறது என்று நிறுத்துகிறவர்கள்தான் இரண்டு வருஷம் கழித்துக் கால் மரத்துப்போய் வந்து நிற்கிறார்கள். தலைவலிக்கும் மூட்டு வலிக்கும் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வலி மாத்திரை வாங்கிப் போடாதீர்கள், வயிற்றில் புண் வரும். நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். எடை குறையும்போது, பிசிஓடி இருந்தவர்களுக்கும்கூடக் கரு தங்கும் வாய்ப்பு கூடிவிடும். ஆபரேஷனிலிருந்து ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் வரை தள்ளிப்போடச் சொல்வார்கள். வீட்டில் பேசிக்கொள்ளுங்கள்.

ஆறாம் மாத ரத்தப் பரிசோதனை இந்தக் கல்யாணத்தை ஒட்டித்தான் வரும். ஹீமோகுளோபின், பி12, வைட்டமின் டி, இரும்பு எல்லாம் பார்ப்பார்கள். கல்யாணத்தைச் சாக்கு வைத்துத் தள்ளிப்போடாதீர்கள். போகும்போது அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். டயட்டீஷியனிடம் கேட்க அவருக்கு நிறைய இருக்கும்.

அன்புடன்
அக்கா