ஏரிக்கு ஏரி எவ்வளவு ஒற்றுமை? பறவைப் பட்டியல்களை ஒப்பிடுவது பற்றிய கேள்வி பதில்

கேள்வி: ஐயா, எங்கள் ஊர்ப் பெரிய ஏரியில் 40 பறவை இனங்கள், சின்ன ஏரியில் 10. அந்தப் பத்தும் பெரிய ஏரியிலும் இருப்பவை. ஆனாலும் ஜக்கார்ட் குறியீடு 0.25தான் வருகிறது. ஏன்?

பதில்: கணக்கு சரி. பொது இனங்களை இரு ஏரிகளின் மொத்த இனங்களால் வகுப்பதுதான் ஜக்கார்ட். பொது இனங்கள் 10, மொத்த இனங்கள் 40. இப்போது வேறு இரண்டு ஏரிகளை எடுங்கள்: ஒன்றில் 30, மற்றதில் 20, பொது 10. மொத்தம் 40, விடை அதே 0.25. உங்கள் சின்ன ஏரி பெரிய ஏரியின் ஒரு துண்டு. நான் சொன்ன ஜோடியிலோ ஒவ்வோர் ஏரிக்கும் சொந்தப் பறவைகள் உண்டு. இரண்டையும் ஒரே எண் மூடிவிடுகிறது. சிம்சன் குறியீடு சிறிய பட்டியலால் மட்டும் வகுக்கும்: உங்களுக்கு 1, அவற்றுக்கு 0.5. பொது இனங்களின் இருமடங்கை இரு பட்டியல்களின் கூட்டுத்தொகையால் வகுப்பது சோரன்சன் குறியீடு; அதை 1இலிருந்து கழித்தால் சோரன்சன் வேறுபாடு. சூழலியலாளர் பசெல்கா 2010இல் இந்த வழியில்தான் அந்த வேறுபாட்டை இரண்டாகப் பிரித்தார். இரு ஜோடிகளிலும் அது 0.6. உங்களுடையதில் முழுவதும் இனங்கள் குறைந்ததால் வந்தது, மற்றதில் அந்த 0.6இல் 0.5, ஓர் ஏரியின் இனங்களுக்குப் பதில் மற்றதில் வேறு இனங்கள் இருப்பதால் வந்தது. அங்கே ஒரு ஏரியைத் தூர்த்தால் அதற்கே உரிய பறவைகள் போய்விடும்.

அது இருக்கட்டும், சின்ன ஏரியில் எத்தனை மணி நேரம் நின்றீர்கள்?

கேள்வி: ஜக்கார்ட் நல்லதா, சோரன்சன் நல்லதா?

பதில்: எதுவானாலும் சரி. சோரன்சன் பொது இனங்களை இருமுறை எண்ணுவதால் எண் பெரிதாகும். எந்த ஜோடி அதிகம் ஒத்தது என்ற வரிசை மாறாது.

கேள்வி: பறவைகளின் எண்ணிக்கையும் குறித்திருக்கிறேன்.

பதில்: அப்படியானால் எண்ணிக்கையையும் கணக்கில் எடுக்கும் பிரே–கர்ட்டிஸ் குறியீடு. அந்த இருவரும் 1957இல் தென் விஸ்கான்சின் காடுகளை ஒப்பிட்டவர்கள். ஆயிரம் நாமக்கோழிகள் இறங்கினால் விடையை அவையே எழுதிவிடும். வர்க்கமூலம் எடுத்துவிட்டுக் கணக்கிடுங்கள். இரண்டு ஏரிக்கும் ஒரே அளவு நேரம் செலவிட்டீர்கள்தானே?

கேள்வி: இரண்டு இடத்திலும் ஓர் இனம் இல்லாததும் ஒற்றுமைதானே? அதை ஏன் விட்டுவிடுகிறீர்கள்?

பதில்: இரண்டு ஏரியிலும் பென்குவின் இல்லை. அதற்கும் மதிப்பெண் போடலாமா? 500 இனங்கள் கொண்ட பட்டியலை வைத்து முதல் கேள்வியின் ஏரிகளைப் பாருங்கள்: இரண்டிலும் இல்லாதவை 460. அவற்றையும் சேர்த்தால் 470/500, அதாவது 0.94. பட்டியலை நீட்டினால் ஒற்றுமையும் நீளும்.

கேள்வி: பென்குவின் விதண்டாவாதம். பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே நீலகிரிச் சிரிப்பான் என்ற பறவை உண்டு, தெற்கே இல்லை. அந்த இல்லாமைக்குப் பொருள் இல்லையா?

பதில்: நிறைய உண்டு. ஆனால் அது ஒரு பக்கம் மட்டும் இல்லாதது. ஜக்கார்ட் அதை வேறுபாடாக ஏற்கெனவே எண்ணிவிட்டார். தெற்கே பழனிச் சிரிப்பான் இருப்பதையும் சேர்த்துத்தான். நாம் சண்டை போடுவது இரண்டு பக்கமும் இல்லாததைப் பற்றி.

கேள்வி: இரண்டிலும் தேடிப் பார்த்து இல்லையென்று உறுதி செய்திருந்தால்?

பதில்: அப்படித் தேடிய ஒருவரைக் காட்டுங்கள், விட்டுக்கொடுக்கிறேன். பெரும்பாலான "இல்லை"க்குப் பொருள் "நான் பார்க்கவில்லை" என்பதே.

கேள்வி: சார், ஜக்கார்டா சோரன்சனா?

பதில்: மேலே பாருங்கள்.

கேள்வி: முதல் கேள்வியின் ஏரிகளை ஆர் என்ற புள்ளியியல் கணினி மொழியின் வீகன் நிரல் தொகுப்பில் போட்டேன். 0.75 என்கிறது.

பதில்: அது தருவது வேறுபாடு. 1இலிருந்து கழியுங்கள்.

கேள்வி: ஐயா, முதல் கேள்வி கேட்டவன்தான். பெரிய ஏரிக்கு ஓராண்டாகப் போகிறேன். சின்ன ஏரிக்கு இரண்டு காலைகள்.

பதில்: அந்த 0.25ஐ அடித்துவிடுங்கள். பைனாகுலரை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.