கழுவுற வேலைய யாரும் கணக்குல எழுதுறதில்ல: வாசகர் கேள்வி பதில்

கழிவுப் பொருள வெச்சு சின்னதா தொழில் பண்றவங்க கேள்வி அனுப்புங்கனு போன இதழ்ல கேட்டிருந்தோம். வந்த கடிதங்கள பாத்தா பாதிப் பேரு ஏற்கனவே ஒருதடவ கைய சுட்டுக்கிட்டவங்க, அதனால கேள்வியெல்லாம் நல்லா உருப்படியா இருக்கு.

கேள்வி: ஹோட்டல்கள்ல இருந்து பொரிச்ச எண்ணெய் வாங்கி சோப்பு போடுறேன் அண்ணா. பழைய வாடை போகவே மாட்டேங்குது, சில கட்டி மெத்துனு அமுங்குது, சிலதுல ஒரு மாசம் கழிச்சு ஆரஞ்சு கலர்ல புள்ளி விழுது. எங்க தப்பு பண்றேன்?

பதில்: புள்ளிக்கு காரணம் அநேகமா எண்ணெய் காறிப் போனதுதான், ரொம்ப நாள் டின்ல கிடந்த சரக்க சோப்புக்கு எடுக்காதீங்க. வாடைக்கு, துணியில வடிகட்டுனா மட்டும் பத்தாது. எண்ணெய் அளவுக்கே தண்ணியும் கொஞ்சம் உப்பும் சேத்து மெதுவா கொதிக்க விட்டு ராத்திரி முழுக்க ஆற வெச்சுடுங்க, காலைல பாத்தா தண்ணி கீழ நிக்கும், கருகல் தூள் பெரும்பாலும் அதோட இறங்கியிருக்கும், மேல நிக்கிற எண்ணெய மட்டும் அள்ளிக்கலாம். இத ரெண்டுதடவ பண்ணா இன்னும் சுத்தம்.

மெத்துனு இருக்குறதுதான் பெரிய விஷயம். எண்ணெய்க்கு எண்ணெய் காஸ்டிக் சோடா கணக்கு மாறும்ங்க. 1 கிலோ சூரியகாந்தி எண்ணெய முழுசா சோப்பாக்க 135 கிராம் கிட்ட வேணும், அதே தேங்காய் எண்ணெய்னா 180 கிராமாவது வேணும். நீங்க பத்து எடத்துல வாங்கி ஒரே டிரம்ல ஊத்திட்டு ஒரே கணக்குல போட்டா ஒருநாள் சோடா மிஞ்சி கைய எரிக்கும், இன்னொரு நாள் எண்ணெய் மிஞ்சி பிசுபிசுக்கும். அதனால ஒவ்வொரு டின்லயும் என்ன எண்ணெய்னு எழுதி ஒட்டுங்க, எது என்னனே தெரியாத டின்ன வாங்காதீங்க. கணக்குல 5 சதவீதம் சோடாவ கம்மியாவே போடுங்க, அதாவது சூரியகாந்தி 1 கிலோவுக்கு 128 கிராம். இன்னொண்ணு, சூரியகாந்தி மட்டும் போட்டா கணக்கு சரியா இருந்தாலும் சோப்பு கொஞ்சம் மெத்துனுதான் இருக்கும், பாதியாவது தேங்காயோ பாமாயிலோ சேக்கணும் (அப்ப கணக்கையும் அதுக்கேத்த மாதிரி திரும்பப் போடணும்).

கையுறை, கண்ணாடி இல்லாம சோடாவ தொடாதீங்க. சோடாவத்தான் தண்ணியில கொட்டணும், சோடா மேல தண்ணிய ஊத்துனா பொங்கித் தெறிக்கும். அலுமினியப் பாத்திரம் மட்டும் வேணவே வேணாம். நான் மொத மொதல்ல பண்ணப்ப வீட்ல சும்மா கிடந்த அலுமினியக் குண்டான்லதான் கரைச்சேன், ரெண்டு நிமிஷத்துல புஸ்ஸுனு நுரை கிளம்பி குண்டான் உள்பக்கம் கன்னங்கரேல்னு ஆயிடுச்சு, அப்ப வர்ற வாயு ஹைட்ரஜன்னு அப்புறமா படிச்சப்பதான் தெரிஞ்சுது, பக்கத்துலயே அடுப்பு எரிஞ்சுட்டு இருந்துச்சு. எவர்சில்வர் இல்லனா நல்ல கெட்டி பக்கெட் போதும். வெட்டுன கட்டிய 4 வாரமாவது காத்தாட அடுக்கி வைங்க. என் கருத்து என்னன்னா இத துணி சோப்பு, பாத்திர சோப்புனு வித்தாலே போதும், மூஞ்சிக்குனு சொல்லி விக்காதீங்க.

கேள்வி: பிளாஸ்டிக் கழிவ உருக்கி தரைக்கல்லு போடலாம்னு ஒரு வீடியோ பாத்து ஆரம்பிச்சேன். ஒரே புகை, கல்லு ஒருபக்கம் ஸ்ட்ராங்கா இருக்கு, இன்னொரு பக்கம் விரல் வெச்சாலே பொடியுது.

பதில்: எல்லாத்தையும் ஒரே சட்டியில போட்டிருக்கீங்க, அதான். ஷாம்பு பாட்டில், கேன் மாதிரி எச்டிபிஇ 130 டிகிரியிலயே உருகிடும், தண்ணி பாட்டில் பண்ற பெட் (PET) பிளாஸ்டிக்குக்கு 250க்கு மேல வேணும். ஒண்ணு தண்ணியா ஓடுறப்ப இன்னொண்ணு கல்லு மாதிரி உள்ளயே உக்காந்திருக்கும், அது உருகட்டும்னு சூட்ட ஏத்துனா மொதல்ல உருகுனது கருகி புகையா வரும். நைரோபில ந்சாம்பி மாட்டீனு ஒரு பொண்ணு இதே தரைக்கல்லு தொழில் பண்றாங்க, 2020ல ஐநா சுற்றுச்சூழல் அமைப்போட விருதும் வாங்குனாங்க. அவங்க எடுக்குறது பாலி எத்திலீன் (எச்டிபிஇ இதுல ஒரு வகை), பாலி புரொப்பலீன் வகைகள்தான், அதோட மணல் கலந்து அழுத்துறாங்க.

மெஷின் இல்லாம பிரிக்க ஒரு சுலபமான வழி இருக்கு. துண்டாக்கி ஒரு வாளித் தண்ணியில போட்டு நல்லா கலக்குங்க, காத்துக்குமிழி ஒட்டிக்காம இருக்க ஒருசொட்டு சோப்புத் தண்ணி விடுங்க. மிதக்குறது பெரும்பாலும் நமக்கு ஆகுறது, முங்குறதுல பெட்டும், பைப்பு பண்ற பிவிசியும் இருக்கும். பிவிசி மட்டும் நெருப்புப் பக்கமே போகக் கூடாது, சூடானா ஹைட்ரஜன் குளோரைடு வரும், நெஞ்சையும் அரிக்கும் மெஷினையும் அரிக்கும். மிதக்குறத உருக்குறப்பவும் காத்து போற எடமா பாத்து பண்ணுங்க, மூடுன ரூம் வேணாம்.

கேள்வி: பழைய லாரி தார்ப்பாய்ல பை தைக்கிறேன். வெலை சொன்னா "குப்பையில பண்ணதுக்கு இவ்ளோவா"னு கேக்குறாங்க. என்ன பதில் சொல்றது?

பதில்: பதில் சொல்றத விட்டுட்டு பைய காட்டுங்க. சூரிச்ல ஃப்ரைடாக்னு அண்ணன் தம்பி ரெண்டு பேரு 1993ல லாரித் தார்ப்பாய், கார் சீட் பெல்ட், சைக்கிள் டியூப் வெச்சு பை தைக்க ஆரம்பிச்சாங்க, அதுல ஒரு மாடல் இன்னைக்கு நியூயார்க்ல மோமாங்குற நவீன கலை மியூசியத்துல இருக்கு. மழை பெஞ்சா உள்ள நனையாது, ரெண்டு பை ஒரே மாதிரி இருக்காது, வாங்குறவங்களுக்கு அதான் வேணும். குப்பையக் காப்பாத்துறோம்னு சொன்னா ஒருதடவ வாங்குவாங்க, ஜிப்பு பிய்ஞ்சா அடுத்ததடவ வர மாட்டாங்க.

வெலை போடுறப்ப கழுவுற நேரத்த சேத்தீங்களா? தார்ப்பாய் சும்மா கிடைச்சாலும் அதுல இருக்குற கிரீஸ், தூசி, பழைய ஓட்டை எல்லாத்தையும் ஒதுக்கி நல்ல எடமா பாத்து வெட்ட ஆகுற நேரம் தையல விட அதிகமாவே வரும். ஒரு வாரம் நோட்டுல எழுதிப் பாருங்க. தையல்லயும் ஒரு விஷயம், இந்த மெட்டீரியல்ல ஊசி போன ஓட்டை மூடாது, பிரிச்சு தச்சா ரெண்டு வரிசை ஓட்டை அப்படியே பல்ல இளிக்கும். அதனால குண்டூசிக்குப் பதிலா கிளிப் போடுங்க, 18ஆம் நம்பர் ஊசி, தையல் நீளமா இருக்கட்டும். நெருக்கித் தச்சா ஸ்டாம்ப் கிழிக்கிற மாதிரி அந்தக் கோட்டுலயே கிழியும். மெஷின்ல துணிய அழுத்திப் பிடிக்கிற ஃபுட்டுல ஒட்டி இழுத்துச்சுன்னா டெஃப்ளான் ஃபுட் மாத்திக்கோங்க.

கேள்வி: சரக்கு ஏத்துற பேலட் கட்டையில ஃபர்னிச்சர் பண்ணலாமா? மருந்து அடிச்சிருப்பாங்கனு சொல்றாங்க.

பதில்: முத்திரைய பாருங்க. எச்டினு (HT) இருந்தா சூடு பண்ணது, எடுத்துக்கலாம். எம்பினு (MB) இருந்தா மெத்தில் புரோமைடுங்குற விஷ மருந்து அடிச்சது, தொடாதீங்க. முத்திரையே இல்லனா நான் எடுக்க மாட்டேன்.

கேள்வி: மரத்தூள் ஒரு வருஷமா சும்மா குடுத்துட்டு இருந்தவரு நான் நல்லா சம்பாதிக்கிறேன்னு தெரிஞ்சதும் காசு கேக்குறாரு. நியாயமா?

பதில்: கோவம் வரத்தான் செய்யும், ஆனா அவரு பக்கமும் ஒரு நியாயம் இருக்கு, நீங்கதானே அது குப்பை இல்லனு அவருக்குக் காட்டுனீங்க. இங்கிலாந்துல பேட்லி ஊர்ல 1813ல பெஞ்சமின் லானு ஒருத்தரு கிழிசல் கம்பளித் துணிய பிச்சு திரும்ப நூலாக்கி நெய்ஞ்சாரு, அந்தத் துணிக்கு ஷாடினு பேரு, தொழில் பெருசாக பெருசாக கந்தலே வெலை போற சரக்காயிடுச்சு, வெளிநாட்டுல இருந்தெல்லாம் இறக்குனாங்க. மரத்தூள் குடுக்குறவருகிட்ட சண்டை போடாம, வாரத்துல இந்த நாள் வந்து மொத்தத்தையும் பெருக்கி அள்ளிட்டுப் போறேன்னு எழுத்துல பேசுங்க, எடம் காலியாகுறதே அவருக்கு லாபம்தான். கூடவே வேற ரெண்டு பட்டறையிலயும் சொல்லி வைங்க, ஒரே ஆள நம்பி மெஷின் வாங்கிடாதீங்க.