அம்மாவுக்கு கானாடுகாத்தான் பெரிய வீடா, காரைக்குடி டவுனா?

தம்பி, சென்னையிலேருந்து ஊருக்கு வர்ற 68 வயசு அம்மாவை கானாடுகாத்தான்ல இருக்கற செட்டிநாட்டு பூர்வீக வீட்லயே வைக்கவா இல்ல காரைக்குடி செக்காலை பக்கம் வாடகைக்கு பாக்கவான்னு கேட்டிருந்தீங்க. என் ஓட்டு டவுனுக்குத்தான்.

ஆத்தங்குடி கல்லு பதிச்ச தரை, பர்மா தேக்கு தூணு எல்லாம் சரி, ஆனா அந்த வீடு கூட்டுக்குடும்பத்துக்குன்னு கட்டுனது, வளவை, அதான் நடு முற்றத்தை சுத்தி கல்யாணமான புள்ளைங்க ஒவ்வொருத்தருக்கும் ஒரு அறை, அதுல ஒத்த ஆளு இருந்தா எப்படி இருக்கும்னு யோசிங்க. அக்கம்பக்கத்துலயும் பாதி வீடு பூட்டித்தான் கெடக்கு, கல்யாணம் காட்சின்னாதான் தெறப்பாங்க.

எங்க பெரியாத்தா அப்படி ரெண்டு வருஷம் இருந்தாங்க. முகப்புல பால்காரர் கதவைத் தட்டுனா பின்கட்டு அடுப்படியில கேக்காது, கடைசில அவரு வாசல்ல நின்னு மிஸ்டு கால் குடுப்பாரு, இவங்க மூணு கட்டு தாண்டி வர்றதுக்குள்ள முட்டி வலி வந்துரும். இப்ப டவுன்ல சின்ன வீடுதான், சாயங்காலமானா கொப்புடையம்மன் கோயிலு, அங்க ஒரு செட்டு சேந்துருச்சு, ஆளே மாறிட்டாங்க.

ஆனா அம்மா அதிகம் பேசாத, தோட்டம் துரவுன்னு இருக்கற ஆளா இருந்தா நான் சொன்னதை விட்ருங்க. இல்லன்னா மொதல்ல மூணு மாசம் வாடகைக்கு இருந்து பாக்கட்டும், தரைத்தளமா பாருங்க, அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி சாயங்காலம் ஆறு மணிக்கு அந்தத் தெருவுல ஒரு நடை போய் வாசல்ல எத்தனை பேரு உக்காந்திருக்காங்கன்னு பாத்துட்டு வாங்க.