ஈறில் சீழ், மனதில் மறதிப் பயம்: முதலில் சர்க்கரையைப் பாருங்கள்

கேள்வி: எனக்கு வயது 48. பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் வருகிறது. கீழ் முன்பற்கள் இரண்டு லேசாக ஆடுகின்றன. இந்த ஒரு வருடத்தில் மூன்று முறை ஈறு வீங்கிச் சீழ் வைத்தது. வீட்டில் மிச்சமிருந்த ஆன்டிபயாடிக் போட்டதும் அடங்கிவிட்டது. நாக்கில் வெள்ளைப் படிவம், கொட்டாவி விட்டால் தாடையில் ‘டக்’ என்று சத்தம், அசதி, இரவில் இரண்டு முறை சிறுநீருக்கு எழுவது எல்லாம் இருக்கின்றன. ஈறுக் கிருமி மூளைக்கு ஏறி மறதி நோயைக் கொண்டுவரும், இதயத்தையும் அடைக்கும் என்று வீடியோக்களில் பார்த்ததிலிருந்து தூக்கமில்லை. என் அம்மா கடைசிக் காலத்தில் என்னையே யாரென்று கேட்டார். எனக்கும் அப்படி ஆகுமா? பற்களை எல்லாம் எடுத்துவிடலாமா?

பதில்: எடுக்க வேண்டாம். பல்லைப் பிடுங்கினால் மறதி வராது என்று எந்த மருத்துவராலும் எழுதித் தர முடியாது.

நீங்கள் பார்த்தது முழுப் பொய்யில்லை, பாதிக் கதை. ஈறு நோயில் முக்கியப் பங்கு வகிக்கும் போர்ஃபிரோமோனாஸ் ஜிஞ்ஜிவாலிஸ் என்ற கிருமி சில நொதிகளைச் சுரக்கிறது. அல்ஸைமர் என்ற மறதி நோயோடு இறந்தவர்களின் மூளைத் திசுவில் அந்த நொதிகள் தென்பட்டதாக 2019இல் ஓர் ஆய்வு வந்தது. எலிகளிலும் சோதனை நடந்தது. வீடியோக்காரர்கள் அத்தோடு கதையை முடித்துக்கொண்டார்கள். பிறகு அந்த நொதியை முடக்கும் மருந்து ஒன்றைத் தயாரித்து, 600க்கும் மேற்பட்ட அல்ஸைமர் நோயாளிகளைச் சேர்த்துப் பரிசோதித்தார்கள். 2021இல் முடிவு வந்தது. முக்கிய அளவீடுகளில் மறதியின் வேகத்தை அந்த மருந்தால் குறைக்க முடியவில்லை. இதைச் சொல்லும் வீடியோ உங்கள் கைபேசிக்கு வந்திருக்காது. ஈறு கெட்டவர்களிடையே மறதி நோய் சற்றுக் கூடுதலாகக் காணப்படுவது உண்மைதான். ஆனால் மறதி தொடங்கிவிட்ட ஒருவர் பல் துலக்கவும் மறக்கிறார். எது முதலில் வந்தது என்பது இன்னும் தெளிவாகவில்லை.

இதயக் கதையும் ஏறக்குறைய இதே மாதிரிதான். ஈறு நோய்க்கும் ரத்தக்குழாய் அடைப்புக்கும் தொடர்பு இருக்கிறது, ஆனால் ஒன்று மற்றொன்றை உண்டாக்குகிறது என்பதற்கோ, ஈறுக்குச் சிகிச்சை செய்தால் மாரடைப்பு தடுக்கப்படும் என்பதற்கோ சான்று இல்லை என்று அமெரிக்க இதய சங்கம் 2012இல் சொன்னது. உங்கள் இதயத்துக்காகக் கவலைப்படுவதானால் ரத்த அழுத்தத்தையும் கொழுப்பையும் பாருங்கள். செயற்கை இதய வால்வு பொருத்தியவர்கள், இதய உள்ளுறையில் ஏற்கெனவே தொற்று வந்தவர்கள் போன்ற சிலருக்கு மட்டும் ஈறு, பல் சிகிச்சைக்கு முன் ஆன்டிபயாடிக் தேவைப்படும். நீங்கள் அந்த வகை என்று கடிதத்தில் எதுவும் சொல்லவில்லை.

உண்மையில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது நீங்கள் போகிறபோக்கில் எழுதிய வரிதான். ஒரே வருடத்தில் மூன்று முறை ஈறில் சீழ், ஆடும் பல், அசதி, இரவில் எழுந்து சிறுநீர். நாற்பத்தெட்டு வயதில் இவை ஒன்றாக வந்தால் நான் கேட்கும் முதல் கேள்வி: கடைசியாகச் சர்க்கரை எப்போது பார்த்தீர்கள்? கடிதத்தில் அந்தப் பேச்சே இல்லை.

ரத்தத்தில் சர்க்கரை கூடினால் கிருமியோடு சண்டையிடும் வெள்ளையணுக்கள் சரியாக வேலை செய்யாது, புண் ஆறுவதும் தாமதமாகும். அதனால் ஈறுநோய் வேகமாக எலும்பு வரை இறங்கும். அந்த அழற்சி உடலெங்கும் இன்சுலினின் வேலையைக் கெடுத்துச் சர்க்கரையை மேலும் ஏற்றும். இந்த இருவழிப் பாதைதான் சமீப ஆண்டுகளின் ஆய்வுகளில் உறுதியாக நிற்கிறது. இங்கும் எல்லாம் ஒரே குரலில் பேசவில்லை. 2013இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், ஈறைச் சுத்தம் செய்து ஆறு மாதம் கழித்தும் சர்க்கரை அளவில் மாற்றமில்லை. 2018இல் லண்டனில் 264 சர்க்கரை நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வில், ஆழமான ஈறு சிகிச்சை பெற்றவர்களின் ஹெச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்த அளவு) ஒரு வருட முடிவில் மற்றவர்களைவிட 0.6 புள்ளி குறைவாக இருந்தது. 2022இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 35 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, மூன்று நான்கு மாதங்களில் சராசரியாக 0.43 புள்ளி இறங்கியிருந்தது. இது மாத்திரையை நிறுத்தும் அளவு அல்ல. ஆனால் பல் மருத்துவரிடம் போனதற்குக் கிடைக்கும் பலன் என்ற வகையில் சாதாரணமும் அல்ல.

ஆகவே இந்த வாரமே வெறும் வயிற்றுச் சர்க்கரையும் ஹெச்பிஏ1சியும் பாருங்கள். வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேலோ, ஹெச்பிஏ1சி 6.5 அல்லது அதற்கு மேலோ வந்தால் இன்னொரு முறை பார்த்து உறுதி செய்துகொண்டு சிகிச்சை தொடங்க வேண்டும். ஹெச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை என்றால் எல்லைக்கோட்டில் இருக்கிறீர்கள். இயல்பாக இருந்தால் நல்லது. இரவில் எழுவதற்கு வேறு காரணம் தேடலாம். இரத்தம் கொடுத்த கையோடு, முடிவுக்குக் காத்திராமல், ஈறு நோய் நிபுணரிடமும் நேரம் வாங்கிவிடுங்கள்.

அவர் மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய, முனை மழுங்கிய கருவியைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே விட்டு, ஒவ்வொரு பல்லிலும் ஆறு இடங்களில் அளப்பார். 3 மில்லிமீட்டர் வரை இறங்கினால் சரி. ஐந்து, ஆறு என்று இறங்கினால் பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஈறு விலகி உண்டான அந்தப் பைக்குள் இருக்கும் காரையை (கெட்டிப்பட்ட பல் அழுக்கை)ச் சுரண்டி எடுக்காமல் வீக்கம் நிற்காது. நீங்கள் விழுங்கிய மாத்திரையால் அது முடியாது. வேருக்கு ஒட்டியிருக்கும் கிருமிப் படலத்துக்குள் மருந்து சரியாக நுழைவதில்லை. அடங்கியது சீழ் மட்டும். அதை மூன்று முறையும் குணம் என்று நினைத்து ஒரு வருடத்தை வீணாக்கியிருக்கிறீர்கள். மிச்ச மாத்திரை என்று ஒன்று வீட்டில் இருப்பதே தவறு, அடுத்த வீக்கத்துக்காக அதைப் பத்திரப்படுத்துவது அதைவிடப் பெரிய தவறு. தயவுசெய்து அந்த மிச்ச மாத்திரைகளை விழுங்காமல் அப்புறப்படுத்துங்கள்.

காரை எடுத்தால் பல் ஆட ஆரம்பிக்கும் என்று யாராவது பயமுறுத்துவார்கள். எலும்பு கரைந்த பல் ஏற்கெனவே ஆடிக்கொண்டுதான் இருக்கும். காரை சிமெண்ட் மாதிரி அப்பிக்கொண்டு அதை மறைத்திருக்கும், அவ்வளவுதான். இன்னொன்று: ரத்தம் வருகிறதே என்று துலக்குவதை நிறுத்தாதீர்கள். மென்மையான பிரஷ்ஷை ஈறு ஓரத்தில் சாய்த்து வைத்துத் துலக்குங்கள். புகைப்பழக்கம் பற்றி எழுதவில்லை. இருந்தால் விட வேண்டும். புகைப்பவர்களுக்கு ஈறில் ரத்தமே வராமல் உள்ளே எலும்பு கரைவதுண்டு.

மீதி இருப்பவற்றுக்கு ஒரு வரி போதும். நாக்கின் வெள்ளைப் படிவத்தைப் பல் மருத்துவரிடம் காட்டுங்கள், துடைத்தால் போவது பூஞ்சைத் தொற்றாகவும் இருக்கலாம். வலியில்லாத ‘டக்’ சத்தத்துக்கு ஸ்கேன் தேவையில்லை. மவுத்வாஷைப் பல் மருத்துவர் சொன்ன நாட்களுக்கு மட்டும் பயன்படுத்துங்கள். குளோர்ஹெக்சிடின் என்ற மருந்து கலந்த மவுத்வாஷை மாதக்கணக்கில் தொடர்ந்தால் பல்லில் பழுப்புக் கறைதான் மிஞ்சும்.

அதற்குள் மறுபடி ஈறு வீங்கி, அது தாடைக்கடியிலோ கழுத்திலோ பரவினாலோ, காய்ச்சல் வந்தாலோ, வாய் திறக்கவோ விழுங்கவோ சிரமமானாலோ, நேரம் வாங்கிய நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள், இரவாக இருந்தாலும்.