சின்ன வியாபாரத்துக்கு விளம்பரம்: கேள்வி பதில்

மாதாமாதம் விளம்பரத்துக்குச் செலவு செய்கிறேன். பலன் இருக்கிறதா என்றே தெரியவில்லை, அண்ணா.

கல்லா பக்கத்தில் ஒரு நோட்டு வையுங்கள். புதிதாக வருகிறவரிடம், "எங்களைப் பற்றி எப்படித் தெரிந்தது?" என்று மட்டும் கேளுங்கள். கூகுள் மேப், போர்டு, நோட்டீஸ், தெரிந்தவர் சொன்னார் என்று எழுதி, அவர் சொன்னதற்கு நேராக ஒரு கோடு போடுங்கள். நான் உடனிருந்து பார்த்த ஒரு நோட்டில், 'தெரிந்தவர் சொன்னார்' என்ற வரி நிரம்பிப் பக்கவாட்டில் வழிந்திருந்தது. பணம் முழுக்கப் போன நோட்டீஸுக்கு இரண்டே கோடு.

இன்ஸ்டாகிராமில் பாலோயர் ஏற என்ன வழி?

காசு கொடுத்துப் பாலோயர் வாங்குவதை மட்டும் செய்யாதீர்கள். அவர்கள் உங்களிடம் பொருள் வாங்க மாட்டார்கள்.

வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் (ஒரே செய்தியைப் பட்டியலில் உள்ள எல்லோருக்கும் ஒன்றாக அனுப்புவது) பாதிப் பேருக்குப் போவதே இல்லையே?

உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவருக்குத்தான் போகும். ஒரு பட்டியலுக்கு 256 பேர் வரைதான். பில் கொடுக்கும்போதே, "நம்பரைச் சேமித்துக்கொள்ளுங்கள், புது வரவு வந்தால் சொல்கிறேன்" என்று கேட்டுவிடுங்கள். யாரோ விற்கும் எண் பட்டியலைத் தொடவே தொடாதீர்கள். நிறையப் பேர் புகார் செய்தால் உங்கள் எண்ணே முடங்கும்.

போட்டிக் கடையில் 10 சதவீதம் தள்ளுபடி. நானும் போடட்டுமா?

முதலில் கணக்கைப் பாருங்கள். 100க்கு விற்பதில் உங்களுக்கு 25 நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 10 தள்ளினால் நிற்பது 15. முன்பு 60 உருப்படி விற்று 1500 பார்த்தவர், அதே 1500க்கு இனி 100 உருப்படி விற்க வேண்டும். அந்த 40 பேர் எங்கிருந்து வருவார்கள்?

(குறுக்கே இன்னொருவர்) தேங்கின சரக்கை அப்புறம் என்னதான் செய்வது?

அது வேறு விஷயம், ஒத்துக்கொள்கிறேன். முடங்கின முதல் வெளியே வரட்டும். அந்தச் சரக்குக்கு மட்டும், முடியும் தேதி சொல்லித் தள்ளுங்கள்.

கூட்டம் வந்தால் மற்றதையும் வாங்குவார்களே?

வாங்கினார்களா? போன தள்ளுபடியின் பில்களை எடுத்துப் புரட்டுங்கள். தள்ளுபடிப் பொருள் மட்டும் இருக்கும் பில் எத்தனை என்று எண்ணிவிட்டு வாருங்கள், பேசுவோம்.

(முதலில் கேட்டவர்) நான் குறைக்காவிட்டால் ஆட்கள் போய்விடுவார்களே, அண்ணா?

சிலர் போவார்கள். ஆனால் குறைத்து 60 உருப்படி விற்றாலும், குறைக்காமல் 36 விற்றாலும் கையில் நிற்பது அதே 900தான். 24 விற்பனை போன பிறகுதான் இரண்டும் சமம். அதுவரை பயப்படாதீர்கள்.

பாலோயர் கூட…

மேலேயே சொல்லிவிட்டேன். இதோடு இரண்டாவது முறை. தயவுசெய்து படித்துவிட்டுக் கேளுங்கள்.

விளம்பரச் செலவை வரிக் கணக்கில் காட்டலாமா?

உங்கள் ஆடிட்டரிடம் கேளுங்கள்.

கூகுளில் ஒருவர் மோசமாக ரிவ்யூ எழுதியிருக்கிறார். அழிக்க முடியுமா?

விதியை மீறியிருந்தால் புகார் செய்யலாம். நமக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக கூகுள் அழிக்காது. குறை உண்மை என்றால் மன்னிப்புக் கேட்டு, என்ன சரிசெய்தீர்கள் என்று இரண்டு வரியில் பதில் எழுதுங்கள். காசு கொடுத்து நல்ல ரிவ்யூ வாங்காதீர்கள், அதுவும் விதிமீறல்தான்.

எல்லாம் நான் ஒருத்திதான் பார்க்கிறேன். தினமும் பதிவு போட நேரமில்லை.

போட வேண்டாம், அம்மா. தினமும் கடை மூடும் முன் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். ஆறு மாதமாக வராத பழைய வாடிக்கையாளர் இருவருக்கு, முன்பு என்ன வாங்கினார்கள் என்பதைக் குறிப்பிட்டு, பெயர் சொல்லி விசாரித்து எழுதுங்கள். மறுநாள் வேறு இருவர்.